மொட்டை மாடிப் பந்தலும் 34,390 ரூபாயும்

மாடித் தோட்டத்துக்கு நிழல்வலை கட்ட ஒரு இரும்புப் பந்தல் வேண்டும் என்று ஆகஸ்டில் எங்கள் பகுதி கிரில் பட்டறையில் விசாரித்தேன். 12 அடிக்கு 10 அடி, உயரம் ஏழரை அடி, மூன்று பக்கமும் கொடி ஏறுவதற்குச் சட்டங்கள். 26,000 ரூபாய் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து இரும்பு விலையை மட்டும் கூட்டிப் பார்த்தேன், எட்டாயிரத்துச் சில்லறை வந்தது. மிச்சம் பூராவும் கூலியா, அந்தக் காசுக்கு வெல்டிங் மெஷினையே வாங்கி நாமே அடித்துவிடலாமே என்று தோன்றியது. ஞாயிற்றுக்கிழமைகளில் செய்தால் ஒரு மாதம், ஒரு கைத்தொழில் கற்றுக்கொண்ட மாதிரியும் ஆகும். பந்தல் பிப்ரவரியில்தான் நின்றது. மொத்தச் செலவு 34,390 ரூபாய். நான் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன், அதனால் ரசீதெல்லாம் பத்திரமாக இருக்கிறது. அதில் 850 ரூபாய் கண் டாக்டருக்கு, 1,900 ரூபாய் ரத்தப் பரிசோதனைக்கு, 900 ரூபாய் தண்ணீர் டேங்க் ஓட்டைக்கு.

இதில் வெட்கப்பட வேண்டிய இன்னொரு விஷயமும் உண்டு. நான் இருப்பது திருச்சி திருவெறும்பூர் பக்கம். 1960களில் பெல் (பாரத மிகுமின் நிறுவனம்) பாய்லர் ஆலை வந்ததிலிருந்து இங்கே தெருவுக்கு நாலு வெல்டர் இருப்பார்கள். ஆலை வளாகத்திலேயே வெல்டிங் ஆராய்ச்சிக்கென்று தனியாக ஒரு நிறுவனம் 1975 முதல் இருக்கிறது. என் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி, 30 வருஷம் உயர் அழுத்தக் குழாய்களைப் பற்றவைத்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் தினமும் திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். அவரிடம் போய்க் கேட்கக் கூச்சமாக இருந்தது. ஆபீஸில் உட்கார்ந்து எழுதுகிறவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று நினைத்துவிடுவாரோ என்று. அந்தக் கூச்சத்தின் விலைதான் மேலே சொன்ன தொகையில் பாதி.

மெஷின் 7,200 ரூபாய், ஆன்லைனில் வாங்கினேன். பெட்டியில் கொட்டை எழுத்தில் 200 ஆம்ப்ஸ் என்று போட்டிருந்தது. முதல் ஞாயிறு சாயங்காலம் மாடிக்குக் கொண்டுபோய், கீழ் வீட்டு பிளக்கிலிருந்து எக்ஸ்டென்ஷன் வயரை இழுத்து மாட்டி, ஒரு துண்டுப் பட்டையில் ராடை, அதாவது உருகிப் பற்றவைக்கும் பூச்சுக் கம்பியை, தொட்டேன். ஒட்டிக்கொண்டது. பிடுங்கினேன், வரவில்லை. ராடு பழுத்துச் சிவந்து வளைந்தது. அன்றைக்கு முழுக்க இதே கதை. ஒரு பொறி, ஒரு ஒட்டு, ஒரு ஆட்டு. ஆம்ப்ஸைக் கூட்டினேன், மெஷின் மஞ்சள் விளக்கு எரிந்து நின்றுவிட்டது. மெஷின்தான் பழுது என்று முடிவு கட்டித் திருப்பி அனுப்பினேன். கூரியர் செலவு 640 ரூபாய் என் தலையில். பன்னிரண்டு நாள் கழித்து வேறு மெஷின் வந்தது. அதுவும் ஒட்டியது.

அப்போதுதான் மல்டிமீட்டரை எடுத்து பிளக்கில் வைத்துப் பார்த்தேன். சும்மா இருக்கும்போது 212 வோல்ட். ராடைத் தொட்டதும் 180-க்கு இறங்கியது. குற்றவாளி அந்த எக்ஸ்டென்ஷன் வயர். டேபிள் ஃபேனுக்கும் சீரியல் லைட்டுக்கும் வாங்கியது, 0.75 ஸ்கொயர் எம்.எம்., 30 மீட்டர் நீளம். பாதிக்கு மேல் உருளையிலேயே சுற்றிக் கிடந்தது. தொட்டால் சுட்டது, பிளாஸ்டிக் வாடை வந்தது. கணக்கு எளிதுதான், முதலிலேயே போட்டிருக்கலாம். அந்தக் கனத்துச் செம்புக் கம்பி 30 மீட்டருக்குப் போகவும் வரவும் சேர்த்து ஒன்றரை ஓம் தடை. 80 ஆம்ப்ஸில் பற்றவைக்கும்போது மெஷின் வீட்டு லைனிலிருந்து 14 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். அதிலேயே 20 வோல்ட் காலி. சாயங்காலம் ஊரே மோட்டார் போடும் நேரம் என்றால் கேட்கவே வேண்டாம். 2.5 ஸ்கொயர் எம்.எம். மூன்று கோர் வயர் 20 மீட்டரும் 16 ஆம்பியர் பிளக்கும் வாங்கினேன், 2,350 ரூபாய். முழுக்க விரித்துப் போட்டு, மாடி அறையின் பவர் பிளக்கிலேயே மாட்டினேன். முதல் உரசலிலேயே பொறி அணையாமல் நிலைத்து நின்றது. பழைய மெஷினில் ஒரு குறையும் இல்லை.

அந்த 200 ஆம்ப்ஸ் பற்றியும் ஒரு வார்த்தை. 200 ஆம்பியரில் ராடு எரிய 28 வோல்ட் அளவுக்கு வேண்டும், அதாவது 5,600 வாட். வீட்டுப் பவர் பிளக் 16 ஆம்பியரில் தரக்கூடியது 3,680 வாட். ஆக அந்த எண்ணைப் பார்த்துக் காசு கூடக் கொடுக்காதீர்கள். வீட்டு வேலைக்கு 12 கேஜ் ராடு, அதாவது 2.5 மில்லி, 70 முதல் 90 ஆம்ப்ஸில் தாராளமாக ஓடும். மெஷினில் பார்க்க வேண்டியது டியூட்டி சைக்கிள். குறிப்பிட்ட ஆம்ப்ஸில் 60 சதவீதம் என்று போட்டிருந்தால் பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம் அடிக்கலாம், நாலு நிமிடம் ஆற விட வேண்டும் என்று பொருள். மின்சாரம் திரும்பிப் போக இரும்பில் மாட்டும் எர்த் கிளாம்பைத் துருவின் மேலோ பெயின்ட் மேலோ கவ்வ வைத்தாலும் இதே ஒட்டல் வரும். கிளாம்ப் கடிக்கும் இடத்தை வெள்ளையாகத் தேய்த்துவிட்டு மாட்டுங்கள்.

சரி, பொறி நின்றது. அடுத்த ஞாயிறு நேராகச் சட்டத்துக்குப் போனேன். கடைக்காரர் 1 இன்ச் ஸ்கொயர் டியூப் 18 கேஜ் கொடுத்திருந்தார், சுவர் கனம் 1.2 மில்லி. முதல் மூலையில் ராடைத் தொட்டு இழுத்தேன், குழாயில் பட்டாணி அளவுக்கு ஓட்டை. அடைக்கப் போனேன், புளியங்கொட்டை அளவானது. இன்னும் அடைத்தேன், மூலையே கழன்று விழுந்தது. அன்று ஆறு மூலைகளில் நாலு போச்சு. அந்த மாதத்தில் வீணாய்ப் போன இரும்பு மட்டும் 3,100 ரூபாய்.

ஆம்ப்ஸ் அதிகம் என்று குறைத்தேன், ஒட்டியது. கூட்டினேன், ஓட்டை விழுந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு இடம் இருக்கும் என்று ஒரு மாதம் தேடியிருக்கிறேன். பிறகுதான் உறைத்தது, சிக்கல் ஆம்ப்ஸில் இல்லை, இடைவெளியில். கண் மதிப்பில் வெட்டியதால் குழாய்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. ஒரு பக்கம் ஒட்டி, மறுபக்கம் 3 மில்லி வாய் பிளந்திருந்தது. 1.2 மில்லி தகட்டின் ஓரத்தை நெருப்பு தொட்டால் அது எங்கே போகும்? உருகிப் பின்வாங்கத்தான் செய்யும். குழாயைச் சுற்றி நாலு பக்கமும் மூலைமட்டம் வைத்துக் கோடு கீறி, ஒரே பக்கமாக வெட்டித் தள்ளாமல் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பித் திருப்பி வெட்டினேன். நகம் நுழையாத அளவுக்குப் பொருந்திய மூலைகளில் ஓட்டையே விழவில்லை. வெட்டுவதற்கு ஆகும் நேரம் பற்றவைக்கும் நேரத்தைப் போல மூன்று மடங்கு. எனக்கு அது கடைசிவரை அப்படித்தான் இருந்தது.

மெல்லிய குழாய்க்கு இன்னும் சில கைப்பக்குவங்கள் உண்டு. 14 கேஜ் ராடு வாங்குங்கள், 2 மில்லி, 45-லிருந்து 55 ஆம்ப்ஸ் போதும். எல்லாக் கடையிலும் இருக்காது, கேட்டு வாங்க வேண்டும். ராடைப் பிடிக்கும் ஹோல்டரின் வயரை மைனஸிலும் எர்த்தை பிளஸிலும் மாற்றி மாட்டினால் குழாயில் இறங்கும் சூடு குறையும், நாம் வழக்கமாக வாங்கும் 6013 ராடு இரண்டு பக்கமும் ஓடும். (அந்த எண்ணில் 60 என்பது இழுவலிமை, சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு. 1 என்றால் எல்லா நிலையிலும் அடிக்கலாம். கடைசி எண் பூச்சின் வகையைச் சொல்வது.) நீளமாக இழுக்காமல் ஒரு அரை அங்குலம் அடித்து நிறுத்தி, சிவப்பு மறைந்ததும் அடுத்த அரை அங்குலம். ஏற்கெனவே இடைவெளி இருந்தால் ஒரு பழைய ராடின் பூச்சைத் தட்டி உதிர்த்து, உள்ளே இருக்கும் கம்பியை அந்தச் சந்தில் படுக்க வைத்து, அதன் மேல் அடியுங்கள். ஓட்டை விழுந்துவிட்டால் உடனே அடைக்கப் போகாதீர்கள். ஆற விட்டு, பின்னால் ஒரு செம்புப் பட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஓரங்களிலிருந்து நடுவுக்கு வாருங்கள். செம்பில் இரும்பு ஒட்டாது. காதையும் கொஞ்சம் கொடுங்கள். சரியாக ஓடும்போது சட்டியில் வடை சீராகப் பொரிகிற சத்தம் வரும். படபடவென்று வெடித்தால் ராடு தள்ளி இருக்கிறது, சத்தம் அமுங்கினால் ஒட்டப் போகிறது. ராடின் கனம் எவ்வளவோ அவ்வளவுதான் நுனிக்கும் இரும்புக்கும் இடையே இருக்க வேண்டும்.

இப்போது கண் கதை. தானாகக் கறுக்கும் ஹெல்மெட் 1,350 ரூபாய்க்கு வாங்கியிருந்தேன். பெரிய வெல்டிங்குக்கெல்லாம் ஒழுங்காகப் போட்டேன். டேக் அடிக்கும்போது, அதாவது மூட்டு நகராமல் இருக்கச் சின்னப் பொட்டாகப் பற்றவைக்கும்போது மட்டும், ஒரு கையில் குழாய், ஒரு கையில் ஹோல்டர், ஹெல்மெட்டை யார் இறக்குவது என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு அடித்தேன். ஒரு விநாடிதானே. அன்று மட்டும் நாற்பது ஐம்பது டேக் இருக்கும். சாயங்காலம் ஒன்றுமில்லை. சாப்பிட்டு, டிவி பார்த்து, படுத்தாயிற்று. ராத்திரி ஒரு மணிக்கு இரண்டு கண்ணிலும் யாரோ ஆற்று மணலை அள்ளிக் கொட்டித் தேய்த்தது போல விழித்தேன். விழித்தேன் என்று சொல்ல முடியாது, கண்ணைத் திறக்கவே முடியவில்லை. தண்ணீராகக் கொட்டுகிறது. பாத்ரூம் விளக்கு ஊசி மாதிரி குத்துகிறது. பார்வை போய்விட்டது என்றே நினைத்து, 44 வயது ஆள், கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். மனைவி உருளைக்கிழங்கை வெட்டிக் கண்ணில் வைத்தாள். குளிர்ச்சிக்கு இதமாக இருந்தது, அவ்வளவுதான்.

விடிந்ததும் டாக்டர் சொன்னது, கருவிழியின் மேல்தோல் புற ஊதாக் கதிரில் வெந்திருக்கிறது. அடித்து ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான் வலி வரும், அதனால்தான் பலரும் அதை வெல்டிங்கோடு சேர்த்து நினைப்பதே இல்லை. ஒன்றிரண்டு நாளில் மேல்தோல் தானாக வளர்ந்துவிடும். எனக்கு இரண்டு நாள் லீவு போனது. பரிசோதிக்கும்போது அவர் விட்ட மரத்துப்போகும் சொட்டு மருந்து சொர்க்கம் மாதிரி இருந்தது, அதை எழுதிக் கொடுங்கள் என்று கெஞ்சினேன். வீட்டில் திரும்பத் திரும்பப் போட்டால் கருவிழி ஆறாமலே போகும் என்று மறுத்துவிட்டார். மெடிக்கலில் யாராவது வாங்கிக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். டேக் அடிக்க ஒரு காந்த மூலை வாங்கினேன், 180 ரூபாய். குழாயை அது பிடித்துக்கொள்ளும், ஒரு கை காலி, ஹெல்மெட்டை இறக்க முடியும். இதற்கு முன்பே வாங்கியிருந்தால் 850 ரூபாயும் அந்த ராத்திரியும் மிச்சம். இன்னொன்று, வெயிலுக்காக வெள்ளைப் பூச்சு அடித்த மாடிச் சுவர் எனக்குப் பின்னால் இருந்தது. அதில் பட்டுத் திரும்பும் ஒளி ஹெல்மெட்டுக்குப் பின்பக்கமாக உள்ளே வருகிறது. இப்போது அங்கே ஒரு பழைய போர்வையை நனைத்துத் தொங்கவிடுகிறேன். கழுத்துப் பொத்தானையும் போட்டுவிடுங்கள். என் நெஞ்சில் சட்டை திறந்திருந்த இடம் முக்கோணமாகத் தோல் உரிந்து, ஆபீஸில் எல்லோரும் எந்தக் கடற்கரை என்று கேட்டார்கள்.

நவம்பரில் மழை. மாடி அறையில் பிரித்து வைத்திருந்த ராடு பாக்கெட் நமத்துப்போனது. அடித்தால் சடசடவென்று தெறிப்பு, மேலே பார்த்தால் இட்லி மாதிரி பொத்தல் பொத்தலாக. ஓவனில் 110 டிகிரியில் ஒரு மணி நேரம் காயவைத்தால் சரியாகும் என்று படித்து, கேக் செய்யும் வீட்டு ஓடிஜி ஓவனில் வைத்தேன். ராடு சரியாயிற்று. கேக் தட்டில் வைத்ததைப் பற்றி வீட்டில் நடந்த பேச்சை இங்கே எழுத முடியாது. இப்போது இறுக மூடும் டப்பாவில், செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைக்கிறேன். நமத்த அப்பளத்துக்கும் நமத்த ராடுக்கும் ஒரே வைத்தியம்தான்.

அதே மழைக்காலத்தில்தான் பெரிய முட்டாள்தனமும் நடந்தது. பழைய தண்ணீர் லைனிலிருந்து கழற்றிய ஜி.ஐ. குழாய்கள் கிடந்தன, பந்தல் காலுக்கு ஆகும், காசு மிச்சம் என்று எடுத்தேன். வெளியே தூறல். மாடி அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு காலின் அடியில் தகடு வைத்து அடித்தேன். வெள்ளை வெளேரென்று புகை. பொறியின் ஓரத்தில் பச்சை மஞ்சளாக ஒரு சுடர். அறை முழுக்க நூலாம்படை மாதிரி வெள்ளைத் துணுக்குகள் மிதந்து என் தலையில் படிந்தன. பார்க்க அழகாகக்கூட இருந்தது. இரண்டு மணி நேரம் அதிலேயே இருந்தேன். ராத்திரி ஒன்பது மணிக்கு வாயில் ஒரு இனிப்பு கலந்த செம்புச் சுவை. பத்தரைக்குக் குளிர் தூக்கிப் போட்டது. இரண்டு போர்வை, பல் கிட்டுகிறது, உடம்பெல்லாம் முறுக்கு, இருமல். டெங்குக் காலம் வேறு. மறுநாள் காலை கிளினிக்கில் எல்லா ரத்தப் பரிசோதனையும் எடுத்தார்கள், 1,900 ரூபாய். எல்லாம் இல்லை இல்லை என்று வந்தது. அதற்குள் காய்ச்சலும் போய்விட்டது.

ரிசல்ட் வாங்கிக்கொண்டு தெருவில் நடந்து வரும்போது பெரியவர் பேப்பரைத் தாழ்த்தி, “என்ன தம்பி, முகம் வாடியிருக்கு?” என்றார். ராத்திரி குளிர் காய்ச்சல், இப்போது ஒன்றுமில்லை, ரிப்போர்ட்டும் சுத்தம் என்றேன். ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். “நேத்து ஜி.ஐ. அடிச்சீங்களா?”

மாடியில் ஞாயிறுதோறும் நீல வெளிச்சம் அடிப்பதை அவர் இரண்டு மாதமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். ஏன் ஐயா சொல்லவில்லை என்றதற்கு, “நீங்க கேக்கலையே தம்பி” என்றார். அவரிடமிருந்து அன்று தெரிந்துகொண்டது இது. ஜி.ஐ. குழாயின் மேலே இருப்பது துத்தநாகப் பூச்சு. இரும்பு உருக 1,500 டிகிரிக்குப் பக்கம் சூடு வேண்டும். துத்தநாகமோ 907 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். அந்த ஆவி காற்றில் எரிந்து மிதப்பதுதான் வெள்ளைப் புகை. மூச்சில் போனால் நாலு முதல் பத்து மணி நேரத்தில் காய்ச்சல், ஒன்றிரண்டு நாளில் தானே இறங்கும். அப்படி இறங்காமல் மூச்சு வாங்கினாலோ நெஞ்சு அடைத்தாலோ வீட்டில் இருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், வெல்டிங் அடித்ததை முதல் வேலையாக டாக்டரிடம் சொல்ல வேண்டும். பட்டறைகளில் இதற்குப் பால் குடிப்பார்கள், வாழைப்பழம் சாப்பிடுவார்கள். அவர் சிரித்தார். “பால் வயித்துக்குப் போவுது, புகை நுரையீரலுக்குப் போவுது. ரெண்டும் எங்க தம்பி சந்திச்சுக்கும்?” ஜி.ஐ. அடித்தே தீர வேண்டுமென்றால் திறந்த வெளியில், காற்று நம் பக்கவாட்டில் போகும்படி நின்று, பற்றவைக்கும் இடத்தைச் சுற்றி இரண்டு அங்குலம் பூச்சைத் தேய்த்தெடுத்துவிட்டு, உலோகப் புகைக்கான வடிகட்டி முகமூடி போட்டு அடிக்க வேண்டும். தேய்க்கும்போதும் முகமூடி. சாதாரண நீலத் துணி மாஸ்க் எதற்கும் ஆகாது. நான் ஜி.ஐ. குழாய்களைப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டுக் துத்தநாகப் பூச்சில்லாத கறுப்பு எம்.எஸ். டியூப் வாங்கினேன்.

அடுத்த ஞாயிறு அவரே மாடி ஏறி வந்தார். அதற்குள் பக்கச் சட்டங்கள் ஐந்தில் மூன்றை முடித்து அடுக்கியிருந்தேன். 6 அடிக்கு 4 அடி. சுவரில் சாத்தினால் எதுவும் பொருந்தி நிற்காது, ஒரு மூலை எப்போதும் ஆடும். அதைத்தான் காட்டி, சூட்டில் முறுக்கிக்கொள்கிறது என்று புலம்பினேன். அவர் சட்டத்தைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தார். வாளியில் கொஞ்சம் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, நான் சட்டங்களைப் படுக்க வைத்து அடித்த இடத்தில் ஊற்றினார். தண்ணீர் நிதானமாகக் கோணலாக ஓடி மழைநீர்க் குழாய்ப் பக்கம் போனது. மொட்டை மாடித் தரை வாட்டம் விட்டுத்தான் போட்டிருப்பார்கள், அதுவும் இரண்டு பக்கமாக. அந்த வாட்டத்தையே அச்சாக வைத்து நான் மூன்று சட்டம் வார்த்திருக்கிறேன். எனக்குத் தலை சுற்றியது.

பிறகு ஒரு பந்து நூல் கேட்டார். சட்டத்தின் எதிரெதிர் மூலைகளில் இரண்டு நூலைக் குறுக்காகக் கட்டினார். நடுவில் இரண்டு நூலும் ஒன்றையொன்று லேசாகத் தொட வேண்டும். என் சட்டத்தில் ஒரு விரல் இடைவெளி. அதாவது அவ்வளவு முறுக்கு. பிறகு மூலைக்கு மூலை டேப் வைத்தோம், இரண்டு குறுக்களவுக்கும் 11 மில்லி வித்தியாசம். அதாவது மூலைகள் செங்கோணமாகவும் இல்லை, சட்டம் சாய்ந்திருக்கிறது. இது தரையால் வந்ததல்ல, நான் ஒவ்வொரு மூலையாக முழுக்க அடித்து முடித்துவிட்டு அடுத்த மூலைக்குப் போனதால் வந்தது. வெல்டிங் ஆறும்போது சுருங்கும், சுருங்கும் பக்கம் குழாயை இழுக்கும். முதலில் நாலு மூலையிலும் டேக் மட்டும். குறுக்களவு பார், நூல் பார். சரியில்லை என்றால் டேக்கை உடைத்துத் திருத்துவது ஒரு நிமிட வேலை. பிறகு ஒரு மூலையில் ஒரு பக்கம், எதிர் மூலையில் ஒரு பக்கம் என்று மாறி மாறி. நடுவில் நிறுத்தி மறுபடி அளந்து பார். இரண்டு ஆறடி இரும்புக் குழாயை மட்டம் பார்த்து, அடியில் ஓட்டுத்துண்டு சொருகிச் சமப்படுத்தி, அதன் மேல் சட்டத்தை வைத்து கிளாம்ப் போட்டு அடித்தோம். மீதி இரண்டு சட்டமும் ஆடவில்லை.

மூன்று கோணல் சட்டங்களையும் பிரிக்க வேண்டியிருந்தது. இதில் நடந்ததை அவரிடம் இன்றுவரை முழுதாகச் சொல்லவில்லை. வார நாளில் ஆபீஸ் விட்டு வந்து, அவசரத்தில், 4 இன்ச் கிரைண்டரில் 1 மில்லி கட்டிங் வீலைப் போட்டேன். மூலைக்குள் போக மறுத்ததால் வீலை மறைத்திருக்கும் கார்டைக் கழற்றினேன். வெட்டி முடித்ததும் வீல் மாற்றச் சோம்பல்பட்டு, அதே மெல்லிய வீலைச் சாய்த்துப் பக்கவாட்டில் வெல்டைத் தேய்த்தேன். துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். கையில் கிரைண்டர் சுற்றுகிறது, வீலைக் காணோம். எனக்கு ஒரு கீறல் இல்லை. பின்னால் சளசளவென்று சத்தம் கேட்டுத் திரும்பினால் தண்ணீர் டேங்கில் என் தொப்புள் உயரத்தில் ஒரு பிளவு, தண்ணீர் பீய்ச்சி அடிக்கிறது. அந்தத் துண்டு என் இடுப்புக்கும் டேங்குக்கும் நடுவே எந்த வழியாகப் போனது என்று இப்போதும் சில சமயம் யோசிப்பேன். கட்டிங் வீல் விளிம்பால் வெட்ட மட்டும்தான், பக்கச் சுமையை அது தாங்காது. தேய்க்கக் கனமான கிரைண்டிங் வீல், அல்லது உப்புத்தாள் மடிப்புகள் அடுக்கிய ஃபிளாப் டிஸ்க். நிமிடத்துக்கு 11,000 சுற்று சுற்றுகிற பொருளுக்கு முன் கார்டு இல்லாமல் நிற்காதீர்கள். நல்ல வீல்களின் நடு வளையத்தில் காலாவதி மாதமும் வருடமும் பொறித்திருக்கும், மழையில் நனைந்த வீலும் பழைய வீலும் குப்பைக்கு.

பெயின்ட் பற்றிச் சுருக்கமாக. வெல்டிங்கின் மேல் ஓடு மாதிரி படியும் கசடைச் சிப்பிங் சுத்தியால் தட்டியதோடு விட்டுவிட்டு ரெட் ஆக்சைடு அடித்தேன். ஒரு மாதத்தில் மூட்டுகளில் மட்டும் பெயின்ட் பொருக்குப் பொருக்காக எழும்பி உள்ளே துரு. கசடின் மேல் எந்தப் பெயின்ட்டும் நிற்காது. கம்பி பிரஷ் போட்டு இரும்பு மினுங்கும்வரை தேய்த்துத் தின்னரில் துடைத்துவிட்டு அடிக்க வேண்டும். குழாய் வாய்களையும் தொப்பி போட்டு அடையுங்கள், இல்லாவிட்டால் உள்ளே தேங்கும் மழைத் தண்ணீர் உள்ளிருந்து தின்னும்.

மாசியில் பந்தல் நின்றது. நூல் பிடித்துப் பார்த்தால் ஒரு காலில் 4 மில்லி சாய்வு இருக்கிறது, நிழல்வலை கட்டிய பிறகு தெரியவில்லை. தெற்குப் பக்கம் புடலையும் பாகலும் ஏறிவிட்டன. என் ஆரம்ப கால மூலைகள் பாகல் இலைக்குப் பின்னால் ஒளிந்திருக்கின்றன, நான்தான் அந்தப் பக்கம் விதையை நெருக்கி ஊன்றினேன்.

போன வாரம் பெரியவர் தன் வீட்டு இரும்புக் கட்டிலின் கால் விட்டுப்போனதென்று தூக்கிக்கொண்டு வந்தார். அவர் அடிப்பார், பார்க்கலாம் என்று ஹெல்மெட்டை நீட்டினேன். வாங்கவில்லை. கண்ணில் இப்போது புரை, கையும் நடுங்குகிறது, நீங்களே அடியுங்கள் என்றார். அரை அங்குலம் அரை அங்குலமாக அடித்து, கசடைத் தட்டி, பிரஷ் போட்டுக் கொடுத்தேன். ஆறிய பிறகு கட்டைவிரலால் அந்த மூட்டை மெல்லத் தடவிப் பார்த்தார், கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

“பத்து ஆம்ப்ஸ் குறைச்சு வைங்க தம்பி” என்றார். கட்டிலைத் தூக்க நான் ஒரு பக்கம் பிடித்தேன்.